பயண நேரமும் ஊதியமும்

பழைய மாமல்லபுரம் சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சிறுசேரிக்கு, சென்னை மத்திய கைலாசத்திலிருந்து வரும் ஆறுவழிச் சாலை 2008 இல் திறக்கப்பட்டது. இங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குத் தாம்பரம், வேளச்சேரி போன்ற இடங்களிலிருந்து பலர் நிறுவனப் பேருந்துகளில் வந்து போகின்றனர். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று கொண்டால், ஐந்து நாள் வாரத்தில் பத்து மணி நேரம் சாலையில் கழிகிறது. அந்த நேரத்துக்கு ஊதியம் கேட்க இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் இடம் தருவதில்லை.

இத்தகைய அலுவலகங்களின் வேலைநேரத்தை வரையறுப்பது, 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இருமடங்கு ஊதியம் என்பது அதன் விதி. வீட்டிலிருந்து வரும் நேரம் இக்கணக்கில் சேராது.

அதே 1947 இல் அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. ஆலை வாயிலிலிருந்து வேலை மேசைக்கு நடக்கும் நேரமும் வேலைநேரமே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1946 இல் ஒரு மட்பாண்ட ஆலை வழக்கில் கூறியது. வழக்குகள் குவியவே, மறு ஆண்டிலேயே நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அந்தக் கதவை அடைத்தது.

இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது விபத்துகளின் வழியாக. சௌராட்டிர உப்பளத் தொழிலாளர் சிலர் வேலை முடித்துத் திரும்பும்போது படகு கவிழ்ந்து இறந்தனர். (சிறுசேரிக்கு அடுத்த கேளம்பாக்கத்திலும் உப்பளங்கள் உண்டு.) அது பணிக்கால விபத்து அல்ல என்று 1958 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1963 இல், பணி முடித்து வேறொரு பேருந்தில் வீடு திரும்புகையில் இறந்த பம்பாய் மாநகரப் பேருந்து ஓட்டுநரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. அவருக்குத் தரப்பட்ட இலவசப் பயணம் பணியின் நலனுக்காகவே தரப்பட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னர் 1996 இல், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் மிதிவண்டியில் அடிபட்டவருக்கு அந்த நிவாரணம் மறுக்கப்பட்டது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு 2010 இல் முடிவு வந்தது. வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணிக்கால விபத்தே என இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே நோக்கு பொருந்தும் என்று 2025 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, விபத்து நேர்ந்தால் அதே பயணம் பணியாகிறது. நேராவிட்டால் ஊழியரின் சொந்த நேரமாகவே நிற்கிறது.

வாடிக்கையாளர் இடங்களுக்கு அலைபவர் நிலை இன்னும் மோசம். நிலையான அலுவலகம் இல்லாத ஊழியர் முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும் வேலைநேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 1947 சட்டத்திலோ, பயணத்தை உள்ளடக்கிய வேலை செய்வோருக்கு அச்சட்டமே பொருந்தாது என்று 4 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது.