தோல்வியறியாக் கோஷ்டியும் அது துறந்த அழைப்பும்

கல்வியின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. ஒருவன் கற்றதின் தரம் விளையாட்டுக் களத்திலும் வெளிப்படும் என்பதை நம் அங்கத்தினர் பலரும் ஒப்புவர். நம் இல்லங்களிலுள்ள வாலிபர்கள் பந்தாட்டத்தில் மிக்க ஆவலுடையவராதலின், அமெரிக்க தேசத்துச் சிறு கலாசாலையொன்றின் சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அந்நாட்டார் 'புட்பால்' என வழங்குவது நாம் காலால் உதைத்தாடும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி, கட்சிக்கு 11 பேராக நின்று, ஒருவரையொருவர் தடுத்தும் தள்ளியும் 100 கஜ நீளமுள்ள களத்தின் எல்லையைக் கடக்க முயலும் கடுமையான ஆட்டம் அது. உடல் வலிமையோடு பக்கத்தில் நிற்பவன்மீது நம்பிக்கையும் வேண்டும். தனியொருவன் திறமையால் அதில் ஜயம் பெறுதல் அரிது.

கலிபோர்னியா மாகாணத்து சான் பிரான்சிஸ்கோ நகரில், 1855-ஆம் ஆண்டில் இயேசு சபைப் பாதிரிமாரால் ஸ்தாபிக்கப்பட்டது சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை. பெயர் பெரிதாயினும் மாணவர் தொகையிலும் திரவியத்திலும் அக்காலத்தில் அது சிறியதே. இரண்டாம் உலக யுத்தம் 1945-இல் முடிவுற்றதும், போர்முனையினின்று மீண்ட வீரர்கள் அரசாங்க உதவியுடன் கலாசாலைகளிற் சேர்ந்தனர். ஜீனோ மார்ச்செட்டி என்பார் அத்தகையோருள் ஒருவர். ஐரோப்பாவில் கடும்போர் கண்டு திரும்பிய பின்னரே அவர் இக்கோஷ்டியில் ஆடினார். 1948-இல் ஜோ குஹாரிச் பயிற்சியாளராக வந்தார். அவ்வாண்டு கோஷ்டிக்கு ஜயம் 2, தோல்வி 7. அவரோ அயராது உழைத்து, மூன்றாண்டுகளில் அதனை உருமாற்றினார்.

1951-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய ஆட்டங்கள் 9, ஒன்பதிலும் ஜயமே. சான் ஹோசே கோஷ்டியை இருமுறை வென்றனர். நியூயார்க் நகரில் போர்டாம் கோஷ்டியுடன் ஆடிய ஆட்டமே மிகக் கடியதாய் இருந்தது. ஆலி மாட்ஸன் என்னும் வீரர், எதிரிகள் உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து ஒருமுறை 94 கஜமும் மற்றொருமுறை 90 கஜமும் ஓடி எல்லையைக் கடந்தார். 32-க்கு 26 என்ற கணக்கில் அவ்வெற்றி கிட்டிற்று. ஸ்டாக்டன் நகரத்து பசிபிக் கலாசாலையை 47-க்கு 14 என வென்றனர். இறுதியில் லயோலா கோஷ்டியை 20-க்கு 2 என முறியடித்தனர். அப்பருவத்தில் மாட்ஸன் பந்தேந்தி ஓடிய தூரம் 1,566 கஜம். தேசத்தில் அவ்வாண்டு அவரை மிஞ்சினார் ஒருவருமிலர்.

பருவ முடிவில் சிறந்த கோஷ்டிகளைப் புத்தாண்டையொட்டி நிகழும் 'பௌல்' பந்தயங்களுக்கு அழைப்பது அந்நாட்டு வழக்கம். அழைப்புப் பெற்றால் கீர்த்தியும் பெரும் பணமும் சேரும். ஆட்டத்துக்கான செலவைத் தாங்கமாட்டாது தவித்த அக்கலாசாலைக்கு அப்பணம் உயிர்மருந்தாகும். எனினும் தென்மாகாணங்களில் நிறபேதம் கொடிதாக ஆண்ட காலம் அது. கோஷ்டியில் கறுப்பின வீரர் இருவர் இருந்தனர்: ஒருவர் மாட்ஸன், மற்றவர் பர்ல் டோலர். அவ்விருவரையும் விட்டு வந்தால் அழைப்புக் கிடைக்கும் என்ற செய்தி வந்ததென்று வீரர்கள் பிற்காலத்தில் கூறினர். அவர்கள் எதிர்த்தாடிய கோஷ்டிகள் வலியனவல்ல என்று சொன்னாரும் உண்டு. ஆயினும் நிபந்தனையைக் கேட்ட வீரர்கள் தயங்கவில்லை. இருவரை விடுத்துச் செல்வதினும் செல்லாதிருத்தலே மேல் எனத் துணிந்தனர். அழைப்பும் வரவில்லை.

அத்துணிவுக்கு அவர்கள் செலுத்திய விலை சிறிதன்று. அப்பருவத்தோடு கலாசாலையார், பொருள் நட்டத்தால் பெருங்கோஷ்டிகளுடன் ஆடும் புட்பாலை நிறுத்திவிட்டனர். தோல்வியே காணாத கோஷ்டி மறுவருஷம் களத்தில் இல்லை! இதனை நினைக்குந்தோறும் நமக்கு வருத்தம் உண்டாகிறது.

ஆனால் வீரர்களின் வாழ்வு அத்துடன் முடியவில்லை. மாட்ஸன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடரோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். அவரும், மார்ச்செட்டியும், பாப் செயின்ட் கிளேரும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். டோலரோ 1952-இல் முழங்காலில் பட்ட காயத்தால் ஆட்டத்தை இழந்தார். எனினும் சோர்வுறாது பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்ததோடு, 1965-இல் தேசியப் புட்பால் சங்கத்தின் முதற் கறுப்பின நடுவராகவும் ஆனார். அக்கோஷ்டியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவந்த பீட் ரோசெல் என்னும் இளைஞர், 1960-இல் அச்சங்கத்துக்கே தலைமை அதிகாரியானார். 2006-இல் கலாசாலை அப்பழைய வீரர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. 55 ஆண்டுகள் கழித்து வந்த மரியாதை அது. அதற்குள் காலஞ்சென்றார் பலர்.

இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கது யாது? அவ்வீரர்களைப் பிணித்தது பிறப்பன்று. ஒரே களத்தில் சிந்திய வியர்வையே. நாமோ பிறப்பினால் ஒன்றுகூடிய சங்கத்தார். ஒருவரையொருவர் தாங்குதல் நமக்கு எளிது. அதனைப் பெருமையாகவும் பேசுகின்றோம். நம் குலத்தானல்லாத தோழனொருவன் அவமதிக்கப்படுங்கால், நமக்கு வரும் இலாபத்தைத் துறந்து அவன் பக்கம் நிற்போமோ? இதுவே நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. நம் பிள்ளைகள் கலாசாலையினின்று பரிசுக் கிண்ணத்தோடு வருதல் நன்றே. எவரையும் பின்னே விட்டு வராமல் வருதல் அதனினும் நன்று. பெற்றோர் இதனை மாலைவேளையில் தம் மக்களுக்கு எடுத்துரைப்பாராக.