இரும்பில் ஒரு பூச்சி

தமிழில் சிற்பம் என்றால் கல். கல்லை விட்டால் செம்பு. கொஞ்சம் மரம், கொஞ்சம் சுதை. இரும்புக்கு அதில் இடம் இல்லை. இரும்பு தெரியாத ஜனங்கள் அல்ல நாம். நொய்யல் கரையில், கொடுமணலில், 1985-ல் தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. மூசையில் எஃகு காய்ச்சிய தடயமும் கிடைத்தது. ஈமக்குழிகளில் வாளும் அம்புமுனையும் இருந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கொங்குநாட்டான் எஃகு செய்தான். அந்த எஃகு கருவியாயிற்று, ஆயுதமாயிற்று. சிற்பமாகவில்லை.

இன்று பழைய இரும்பில் பூச்சி செய்கிறார்கள். பேரிங் குண்டு கண். சைக்கிள் செயின் வயிறு. ஸ்பார்க் பிளக் மார்பு. அடித்து நீட்டிய கம்பி கால். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. நம் பக்கத்து வெல்டிங் பட்டறைகளிலும் வேலை குறைந்த நேரத்தில் ஒரு தேளோ வெட்டுக்கிளியோ முளைத்துவிடுகிறது. வரவேற்பறைப் பொம்மை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எஃகின் ஊரில் இரும்புச் சிற்பம் ஏன் இல்லாமல் போயிற்று, இனி வருமானால் எந்த உருவில் வரும் என்ற கேள்விக்கு இந்தப் பூச்சியிடம் பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஏன் இல்லாமல் போயிற்று என்பதற்குச் சாஸ்திரத்தை மட்டும் காரணம் காட்டுவது சரியல்ல. செம்பு 1,085 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. சுத்த இரும்புக்கு 1,538 டிகிரி வேண்டும். மெழுகுக் கருவைக் களிமண்ணில் மூடி, மெழுகை உருக்கிவிட்டு, அந்த இடத்தில் செம்புக் கலவையை ஊற்றி ஒரு நடராஜரை எடுத்துவிடலாம். கிராமத்து உலையில் இரும்பை அப்படி ஊற்ற முடியாது. அது உருகாமல் கசண்டோடு பிசுபிசுத்துக் கட்டியாகத்தான் வரும். அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஆக, இரும்பின் உருவம் வார்ப்பில் இல்லை, அடியில் இருக்கிறது. அப்புறம் துரு. நித்திய அபிஷேகம் நடக்கிற இடத்தில் இரும்பு ஒரு தலைமுறைகூட நிற்காது. அதனால் கருவறை செம்புக்கும் கல்லுக்கும் போயிற்று. ஊர் எல்லையில் நிற்கும் சாமிகளின் அரிவாளும் வேலும் இரும்புக்கு மிஞ்சின. சாமியின் உடம்பாக அது ஆகவில்லை. சாமி பிடித்திருக்கும் கருவியாக மட்டும் ஆயிற்று.

எஃகு செய்த முறை விசேஷமானது. சேலம் பகுதியில் இரும்புத் தொழிலில் இறங்கி, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத் இதை விவரித்திருக்கிறார். இரும்புத் துண்டை ஆவாரங்கட்டையோடு மூசையில் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலை வைத்து, களிமண்ணால் வாயை அடைத்து, உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். கட்டையின் கரி இரும்பில் ஏறும்; கரி ஏறிய இரும்பின் உருகுநிலை இறங்கும். மூசையை உடைத்தால் கைக்குள் அடங்கும் ஒரு கட்டி. மேட்டாங்காட்டில் யாரும் சீந்தாமல் வளர்கிற இரண்டு செடிகள்தான் இதற்கு வேண்டியிருந்தன. இந்தக் கட்டிகள் கப்பலேறிப் போய்ப் பாரசீகத்திலும் சிரியாவிலும் பேர்பெற்ற வாள்களாயின. 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் மைக்கேல் ஃபாரடே இதை லண்டனில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பொருள் நம்முடையது, உருவம் பிறருடையது. இந்த வழக்கம் புதிதல்ல.

பூச்சி உலோகத்துக்கு வந்த ஒரே இடம் நேர்த்திக்கடன். சங்கரன்கோவிலில் பாம்பும் தேளும் தகட்டில் வெட்டி விற்பார்கள். வாங்கிக் காணிக்கையாகப் போடுவார்கள். தேள் பூச்சியினத்தில் சேராது என்று விலங்கியல்காரர் ஆட்சேபிக்கலாம். தமிழில் பூச்சிபொட்டு என்றால் பாம்புவரை அடங்கும். அந்தத் தகட்டுத் தேளில் ஒரு நேர்மை உண்டு. அது அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல, பயத்துக்காகச் செய்யப்பட்டது. ஆனால் அது தட்டை. ஒரு குறியீட்டுக்கு மேல் போகவில்லை. தேளின் உடம்பு எப்படி இயங்குகிறது என்ற கவலை அதற்கு இல்லை.

நவீன காலத்தில் என்ன நடந்தது? கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். பி.வி. ஜானகிராம் தாமிரத் தகட்டைத் தட்டிப் புடைத்து, கம்பியை ஒட்டவைத்து உருவங்கள் செய்தார். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்தார். இவர்கள் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசம் இல்லை. தமிழ்நாட்டு உலோகச் சிற்பம் வார்ப்பை விட்டு வெளியே வந்தது இவர்களால்தான். ஆனாலும் அந்த உருவங்கள் பெரும்பாலும் நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்பவை. முன்புறம் உண்டு, பின்புறம் அநேகமாக இல்லை. கோயில் கவசத்தின் ஞாபகம் அவற்றில் இருக்கிறது. செம்பைத் தேர்ந்தபோதே அந்த ஞாபகத்தையும் தேர்ந்தாயிற்று. இரும்பு பட்டறையிலேயே கிடந்தது.

பூச்சிக்கு அந்த ஞாபகம் கிடையாது. இதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஜப்பானியக் கவசக் கொல்லர்கள். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே உள்நாட்டு யுத்தம் ஓய்ந்தது. கவசத்துக்குத் தேவை குறைந்தது. கை மட்டும் பழகியிருந்தது. மியோச்சின் என்ற கொல்லர் பரம்பரையினர் கணுக்கணுவாக அசையும் மிருகங்களை இரும்பில் செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பரம்பரையின் முனெயாகி 1713-ல் செய்த டிராகன் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மரபில் வண்டும் கும்பிடுபூச்சியும் வெட்டுக்கிளியும் வந்தன. காரணம் எளிமையானது. மனிதனுக்கு எலும்பு உள்ளே. பூச்சிக்கு எலும்பு வெளியே. பூச்சியின் உடம்பே ஒரு கவசம். தகடு தகடாக அடுக்கி, கணுவில் ஆணி அடித்து இணைப்பதுதான் கவசக்காரனின் தொழில். அவன் பூச்சியைப் பார்த்துச் செய்தான் என்பதைவிட, தன் தொழிலைப் பூச்சியிடம் அடையாளம் கண்டான் என்பதே பொருத்தம்.

இதே விஷயம் பிரான்சில் வேறு வழியாக வந்தது. ஹூலியோ கொன்சாலஸ் 1918-ல் ரெனோ தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றவர். பத்து வருஷம் கழித்துப் பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களுக்குக் கை கொடுத்தார். சேஸாருக்குச் சலவைக்கல் வாங்க வசதி இல்லை. 1950-களில் பாரிஸை அடுத்த வில்தனூஸில் ஒரு ஆலையில் கிடந்த கழிவிரும்பை ஒட்டவைத்தார். அதில் முதலில் வந்தவற்றில் பூச்சிகள் உண்டு. ஜப்பானில் வேலை ஓய்ந்த கை, பிரான்சில் பணம் இல்லாத கை. இரண்டு இடத்திலும் இரும்பு தன் உபயோகத்தை இழந்த பிறகுதான் பூச்சி பிறக்கிறது.

இந்த இரண்டு நிலைமையும் கோயம்புத்தூருக்கு அந்நியமல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1930-களின் ஆரம்பத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம், 1937-ல் இங்கேயே செய்த மின்மோட்டார், பிறகு பம்ப்செட், கிரைண்டர், தெருவுக்குத் தெரு பவுண்டரி. இன்னொரு பக்கம், இதே ஊருக்குச் சைதாப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த விவசாயக் கல்லூரி. அங்கே பூச்சியியலில் உழைத்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை 1940-ல் வெளியிட்டார். அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாகி, 2018-ல் பூச்சிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தது. ஆக, இரும்பும் பூச்சியும் இந்த ஊருக்கு அத்துப்படி. ஆனால் இரண்டையும் லாப நஷ்டமாகவே அறிந்த ஊர் இது. பொருளாதாரப் பூச்சியியல் என்ற பெயரே அதைத்தானே சொல்கிறது.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். சிறுதொழில் கடன் கணக்குகள் என் மேஜைக்கு வரும். இருப்புப் பட்டியலின் அடிவரியில் ‘ஸ்கிராப்’ என்று இருக்கும். எடை இருக்கும், விலை இருக்கும். அது திரும்ப உலைக்குப் போகும். பவுண்டரி ஊரில் இரும்பு வீணாவதில்லை. அதனாலேயே எதுவும் மிஞ்சுவதுமில்லை. மூடப்பட்ட மில்லின் கதிர் எங்கே, முதல் தலைமுறை பம்பின் மூடி எங்கே என்று கேட்டால், உருகிவிட்டது என்பதுதான் விடை. ஒரு பேரிங்கை எடுத்து வண்டின் கண்ணாக வைப்பது அதை இந்தச் சுழற்சியிலிருந்து விடுவிப்பது. நாலு ரூபாய்ப் பொருள்தான். ஆனால் இந்த ஊரில் அது சின்ன விஷயம் அல்ல.

இங்கே விமர்சகன் கறாராக இருக்க வேண்டும். கழிவிரும்பில் செய்ததெல்லாம் கலை ஆகிவிடாது. டில்லியில் 2019-ல் திறந்த பூங்காவில் 150 டன் கழிவில் உலக அதிசயங்கள் ஏழையும் கட்டி வைத்தார்கள். ஈஃபில் கோபுரத்தின் போலி எந்த இரும்பில் இருந்தால் என்ன? பொருள் அங்கே பேசவில்லை. டன் கணக்குதான் பேசுகிறது. பூச்சியிலும் இந்த ஆபத்து உண்டு. ஸ்பானரை இறக்கை என்று ஒட்டினால் அது சிலேடை. முதல் தடவை சிரிக்கிறோம். இரண்டாம் தடவை ஸ்பானர் மட்டும் தெரிகிறது.

அடித்துச் செய்தது வேறு. லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிக்கிற கொல்லர்கள் கொங்கு கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். பட்டை உலையில் பழுக்கிறது, அடைகல்லில் நீள்கிறது, எந்த நிறத்தில் தோய்ச்சல் கொடுக்க வேண்டும் என்று கண் அறிந்திருக்கிறது. அதே கை அந்தப் பட்டையை வெட்டுக்கிளியின் பின்னங்காலாக நீட்டினால், தொடையில் பருத்து, முழங்காலில் மடங்கி, முனையில் ஊசியாகிற அந்தக் கோட்டில் சம்மட்டியின் அடி ஒவ்வொன்றும் தங்கும். ஸ்பிரிங்கின் விசை வெட்டுக்கிளியின் விசையாகும். அங்கே உவமை இல்லை. பொருளும் உருவமும் ஒன்று.

அந்தக் கொல்லரை யாரும் சிற்பி என்று அழைத்ததில்லை. அவர் செய்தது என்றும் இன்னொருவர் கைக்குப் போவதற்கானது: கொடுமணலில் கப்பலுக்கு, பிற்பாடு காட்டுக்கு, மில்லுக்கு. யாருக்கும் உபயோகமில்லாத ஒன்றைச் செய்ய அவருக்கு அவகாசமும் கூலியும் இருந்ததில்லை. இரும்புச் சிற்பம் இங்கே இல்லாததற்கு உருகுநிலையும் துருவும் பாதிக் காரணம் என்றால், இது மறுபாதி. கலைப் பள்ளிகள் இன்றும் வெல்டிங் சொல்லிக்கொடுக்கின்றன. உலையடியில் உட்காரவைப்பது அபூர்வம். கொல்லர் உலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு நல்ல வெட்டுக்கிளி வருவதற்கு அவற்றில் சில மிஞ்சியாக வேண்டும்.