பள்ளியின் தேர்ச்சியும் பெற்றோரும்



பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள், எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் சிறுவன் ஒருவனிடம், "நாளைக்கு நீ வர வேண்டாம், தம்பி" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கு நல்ல பெயர் கிடைத்தது. சில நாள் கழித்து அவனுடைய தந்தையார் வந்து, "ஐயா, பையன் படிப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. பள்ளியின் தேர்ச்சியை அளப்பது யாருக்காக என்ற கேள்வி அன்று என் உள்ளத்தில் எழுந்தது. வரலாற்றில் அதற்கு விடை தேடினேன்.

இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டு, ராபர்ட் லோ என்பவரின் முயற்சியால், திருத்திய கல்விச் சட்டக்கோவை ஒன்று நடைமுறைக்கு வந்தது. தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்பதே அதன் உயிர்நாடி. ஆறு வயதுக்கு மேற்பட்ட மாணவன் ஒருவன் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால், அவன் பொருட்டு 8 ஷில்லிங் கிடைக்கும். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் அவன் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்னி குறைந்துவிடும். மக்கள் வரிப்பணத்துக்குப் பள்ளி கணக்குக் காட்ட வேண்டும் என்பது லோவின் வாதம். அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை.

விளைவு என்ன? ஆசிரியரின் பிழைப்பே மாணவனின் பரீட்சையில் தொங்கியது. மானியம் தராத பாடங்கள் ஒதுங்கின. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தைப் பொருள் உணராமலே நெட்டுருப் போட்டனர். கவிஞராகவும் பள்ளி ஆய்வாளராகவும் விளங்கிய மாத்யூ ஆர்னால்டு, இம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிட்டது என்று தம் அறிக்கைகளில் வருந்தினார். 1890-களில்தான் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது.

நம் சென்னை மாகாணமும் இதற்கு விலக்கன்று. 1860-களிலேயே இங்கும் தேர்ச்சி மானியம் புகுந்தது; திண்ணைப் பள்ளிக்கூடங்களும் அதன் ஆட்சிக்குள் வந்தன. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு, கல்லூரிகளுக்கு இம்முறை வேண்டாம் என்றது. தொடக்கப் பள்ளிகளுக்கோ அதனையே பரிந்துரைத்தது.

இவற்றில் பெற்றோர் எங்கே இருந்தனர்? இங்கிலாந்தில் ஏழைத் தந்தையும் வாரந்தோறும் சில பென்னிகள் கட்டணம் செலுத்தினான். ஆய்வாளரின் அறிக்கையோ அரசாங்கத்துக்குப் போயிற்று. பள்ளி கணக்குக் காட்டியது கருவூலத்துக்கு. பெற்ற தாய்தந்தையர்க்கு அன்று.

அக்குறை தீர நெடுங்காலம் ஆயிற்று. 1980-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் பள்ளிகள் பரீட்சை முடிவுகளைப் பெற்றோர் அறிய வெளியிட வழி செய்தது. 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளின் முடிவுகள் நாடு தழுவிய பட்டியலாக வெளிவந்தன. பத்திரிகைகள் அவற்றை வரிசைப்படுத்தின. ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. வறிய பிள்ளைகள் மிகுந்த பள்ளி எவ்வளவு உழைத்தாலும் பட்டியலின் அடியில் நின்றது. ஆகவே, மாணவன் எந்த நிலையில் வந்தான், எவ்வளவு முன்னேறினான் என்று அளக்கும் முறைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. பள்ளியை ஒற்றைச் சொல்லால் மதிப்பிடும் வழக்கத்தையும் அந்நாட்டு ஆய்வுத்துறை 2024-இல் விட்டொழித்தது.

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றது இது: அளவுகோல் வேண்டும், அது இல்லையேல் சோம்பலுக்கும் உழைப்புக்கும் வேற்றுமை தெரியாது. ஆனால் அளந்ததன் பொருளைப் பெற்றோர்க்கு விளங்கச் சொல்வதும் பள்ளியின் கடமையே. நூற்றுக்கு இத்தனை பேர் தேறினர் என்பது பள்ளியின் கணக்கு. தம் பிள்ளை எங்கே தொடங்கினான், இன்று எங்கே நிற்கிறான், இனி என்ன உதவி வேண்டும் என்பதே பெற்றோர் கேட்கும் கணக்கு.

"உங்கள் மகன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்; அவனுக்கு நான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்." அன்று அத்தந்தையார்க்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். அதைச் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருந்தால், இன்ஸ்பெக்டர் வந்த நாளில் அச்சிறுவனும் வகுப்பில் அமர்ந்திருப்பான்.