வாக்குச் சீட்டும் நகரத் திட்டமும்

அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நகர மன்றம் தன் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைத் திருத்துமாயின், அவ்வூர் வாக்காளர் குறித்த கால எல்லைக்குள் கையொப்பம் திரட்டி, அத்திருத்தத்தைப் பொது வாக்கெடுப்பிற்கு இழுக்கலாம். பினாங்கில் அத்தகைய உரிமை என்றும் இருந்ததில்லை. ஆயினும், திட்டம் தீட்டுவோரை வாக்கினால் அமர்த்தவும் அகற்றவும் வல்ல காலம் ஒன்று ஜார்ஜ் டவுனில் இருந்தது.

1857இல் இந்நகரில் நகராண்மை ஆணையர் குழு அமைந்தது. வரி செலுத்துவோர் சிலருக்கு இருந்த வாக்குரிமையும் 1913இல் பறிக்கப்பட்டு, நியமனமே முறையாயிற்று. 1951 டிசம்பர் முதல் நாள் நடந்த தேர்தலே மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தலாகும். அன்று 15 இடங்களுள் ஒன்பதை மக்கள் நிரப்பினர். ஐந்தாண்டுகளில் எல்லா இடங்களும் மக்கள் வசமாயின. 1957 ஜனவரி முதல் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு எட்டுத் திங்கள் முன்னரே, ஜார்ஜ் டவுன் மாநகராயிற்று. அதன் முதல் மேயராகப் போற்றப்படும் டி. எஸ். இராமநாதன் தொழிலாளர் கட்சியைச் சார்ந்தவர், பள்ளியாசிரியர். வகுப்பறையிலிருந்து வந்த தமிழர் ஒருவர் பல்லின மக்கள் வாழும் துறைமுக நகரின் தலைமையை ஏற்றார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். அவர் பெயர் தாங்கிய சாலை வழியே நாள்தோறும் செல்வோரும் அறியார்!

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி, 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு மாநகர் மன்றத்தின் பொறுப்புகள் பினாங்கு முதலமைச்சர் கைக்கு மாறின. இதற்கிடையே, ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய்வதற்கென செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1968இல் முடிவுற்ற அதன் அறிக்கை, குறைகளை மறைக்காமல் எடுத்துரைத்த போதிலும், தேர்தல் மீண்டும் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 15ஆம் பிரிவினால் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மன்ற உறுப்பினரை மாநில அரசே நியமிக்கலாயிற்று.

அதே 1976இல் பிறந்தது நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம். ஒரு கையால் வாக்கை எடுத்துக்கொண்ட ஆண்டு மறு கையால் ஆட்சேபிக்கும் உரிமையைத் தந்தது எனலாம். இச்சட்டத்தின்படி மாநிலம் முழுமைக்கும் கட்டமைப்புத் திட்டம் ஒன்றும், அதற்குட்பட்டு ஒவ்வொரு வட்டாரத்திற்கும் உள்ளூர்த் திட்டமும் தீட்டப்பெறும். உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுத்து மூலமான ஆட்சேபங்களைப் பெற்று விசாரிக்க வேண்டும். பின்னர் வரும் திருத்தத்திற்கும் இந்நடைமுறையே. இறுதி ஒப்புதல் முதலமைச்சர் தலைமை தாங்கும் மாநிலத் திட்டமிடல் குழுவினுடையது. அரசிதழில் வெளிவந்த திட்டத்திற்கு முரணாக மன்றம் கட்டுமான அனுமதி தரலாகாது.

இங்கே நுட்பமான செய்தி ஒன்றுண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், அண்டை நிலத்தாருக்கு மன்றம் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் மறுப்புரைக்கலாம். திட்டம் அரசிதழில் ஏறியபின் சட்டம் இவ்வறிவிப்பைக் கட்டாயமாக்கவில்லை. எனவே வரைவு பார்வைக்கு வைக்கப்படும் சில வாரங்களில் வாளாவிருப்பவர், பின்னர் அடுத்த மனையில் அடுக்குமாடி எழும்போது பற்றிக்கொள்ளத்தக்க பிடி மிகக் குறைவு. நிலம் இல்லாத வாடகைக் குடியினரோ 'அண்டை நிலத்தார்' என்னும் சொல்லுக்குள்ளேயே அடங்கார்.

வாக்குரிமையை மீட்கும் முயற்சியும் நடந்தது. 2012இல் பினாங்குச் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலுக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டு 14ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், அதற்கு மாநிலத்திற்கு அதிகாரமில்லை எனத் தீர்ப்பளித்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவே வென்றது. 2015இல் தீவு முழுமைக்கும் மாநகர் மன்றம் அமைந்தபோது அதன் முதல் மேயரான பத்தாஹியா இஸ்மாயில் தகுதியில் குறைவில்லாதவர். எனினும் அவரை அமர்த்தியது நியமன ஆணையே.

பினாங்கின் கட்டமைப்புத் திட்டம் 2007இல் அரசிதழில் வெளிவந்தது. தீவின் உள்ளூர்த் திட்டமோ ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. 2022இல்தான் புதிய வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது. குன்றுச் சரிவுகளிலும் கடலோரத்திலும் கட்டடங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.