முடி துறந்த முதியவர்

2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் பணித்துறப்பை அறிவித்தபோது, நம்மில் பலர் முதன்முறையாக ஒரு பெயரைக் கேட்டோம்: 12-ஆம் கிரகோரி. இவருக்குமுன் இறுதியாகப் பதவி துறந்த திருத்தந்தை அவரே என்று ஏடுகள் எழுதின. உண்மைதான். ஆயினும் இரு துறப்புகளும் ஒன்றல்ல. கிரகோரியின் துறப்புக்குப் பின்னால் காப்பாற்றப்படாத வாக்குறுதி ஒன்று இருந்தது.

1378-இல் உரோமையில் 6-ஆம் உர்பான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரது கடுமையால் மனங்கசந்த கர்தினால்மார் சில மாதங்களில் ஃபோந்தி நகரில் கூடி 7-ஆம் கிளமெண்டைத் தேர்ந்தனர். அவர் அவிஞோனுக்குச் சென்று தங்கினார். திருச்சபை இரண்டாயிற்று. சியன்னா நகர்ப் புனித கத்தரீனா உரோமையின் பக்கம் நின்றார். புனித வின்சென்ட் ஃபெரரோ அவிஞோனின் பக்கம். புனிதர்களே இவ்வாறு பிரிந்து நின்றபோது எளிய விசுவாசி யாரைப் பின்பற்றுவார்? அக்காலத்தவரை அவசரப்பட்டுக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

1406 நவம்பர் 30 அன்று உரோமைக் கர்தினால்மார் வெனிஸ் நகரத்தவரான ஆஞ்செலோ கொரேரைத் தேர்ந்தனர். எழுபது வயதைக் கடந்தவர். பதவியாசை இராது என்று நம்பினர். அவிஞோனின் 13-ஆம் பெனடிக்ட் விலகினால் தாமும் விலகுவதாகத் தேர்தலுக்கு முன்பே அனைவரும் ஆணையிட்டிருந்தனர். இருவரும் சவோனாவில் சந்திப்பதென முடிவாயிற்று. 1408-இன் தொடக்கத்தில் கிரகோரி லூக்கா வரையிலும், பெனடிக்ட் போர்த்தோவெனெரே வரையிலும் வந்துவிட்டனர். இடையே ஓரிரு நாள் பயணத் தொலைவுதான். ஆனால் ஒருவர் கடற்கரைக்கு வர அஞ்சினார். மற்றவர் கரையைவிட்டு உள்ளே வர மறுத்தார். கிரகோரியின் செயலகத்தில் பணியாற்றிய லியோனார்தோ புரூனியே இருவரையும் நிலவிலங்கோடும் நீர்விலங்கோடும் ஒப்பிட்டு எள்ளினார்.

அவ்வாண்டு மே மாதம் கிரகோரி தம் வாக்கை மீறி நான்கு புதிய கர்தினால்களை ஏற்படுத்தினார். இருவர் அவருடைய உறவினர். அவர்களுள் ஒருவரே பின்னாளில் 4-ஆம் யூஜின் ஆனவர். வெகுண்ட கர்தினால்மார் பலர் அவரை விட்டு நீங்கினர். 1409-இல் பீசாவில் கூடிய சங்கம் இருவரையும் நீக்கி 5-ஆம் அலெக்சாந்தரைத் தேர்ந்தது. இருவரை ஒருவராக்கப் புறப்பட்டவர்கள் மூவராக்கி முடித்தனர்!

அலெக்சாந்தருக்குப்பின் வந்தவர் 23-ஆம் அருளப்பர் எனப் பெயர் பூண்டார் (1958-இல் அதே பெயரையும் எண்ணையும் ஏற்ற திருத்தந்தை வேறு). அவர் கூட்டிய கான்ஸ்டன்ஸ் சங்கத்திலிருந்து அவரே 1415 மார்ச்சில் மாறுவேடத்தில் தப்பியோடினார். மே மாதம் நீக்கப்பட்டார்.

அப்போதுதான் கிரகோரி முன்வந்தார், ஒரு நிபந்தனையுடன். சங்கம் தம் பெயரால் மீண்டும் கூட்டப்பட வேண்டும். ஜூலை 4 அன்று, வாக்கை மீறி அவர் ஏற்படுத்திய நால்வருள் ஒருவரான கர்தினால் தொமினீச்சி அவ்வாறே சங்கத்தைக் கூட்டினார். பின்னர் ரிமினியின் ஆட்சியாளர் கார்லோ மலதெஸ்தா கிரகோரியின் பணித்துறப்பை அறிவித்தார். இதனால் உரோமை வழிமரபு அறுபடவில்லை. திருத்தந்தையர் வரிசை இன்றும் அவரை 1415 வரை எண்ணுகிறது.

இதைக் களங்கமற்ற தியாகம் என்று போற்ற நாம் தயங்குகிறோம். அன்று அவரை ஏற்றிருந்தோர் மிகச் சிலரே. எனினும் சிறிதளவே எஞ்சியிருந்தும் விடாப்பிடியாய் நிற்போர் உண்டு. வின்சென்ட் ஃபெரரே 1416-இல் கைவிட்ட பின்னும், 1417-இல் சங்கம் நீக்கிய பின்னும், 13-ஆம் பெனடிக்ட் பெனிஸ்கோலாக் கோட்டையில் 1423-இல் இறக்கும்வரை தாமே திருத்தந்தை என்றார். அவரருகே வைத்துப் பார்க்கையில் கிரகோரியின் காலந்தாழ்ந்த துறப்பும் சிறியதாகத் தோன்றவில்லை.

போர்த்தோவின் கர்தினால் ஆயராக்கப்பட்ட கிரகோரி, ரெக்கனாத்தியில் 1417 அக்டோபர் 18 அன்று இறந்தார். 24 நாள்களுக்குப்பின், நவம்பர் 11 அன்று, அனைவரும் காத்திருந்த ஒரே திருத்தந்தையாக 5-ஆம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்செய்தியைக் கேட்கும் பேறு முதியவருக்கு வாய்க்கவில்லை.