இறையச்சமும் உடல்நலமும்: விவிலிய ஞான நூல்களில் மூன்று நிலைகள்

1. வரையறை

இறைநம்பிக்கை உடையவரை நோய் அணுகாது என்பதே விவிலிய ஞான நூல்களின் போதனை எனப் பலர் கொள்கின்றனர். நூல்களை வரிசையாகக் கற்போர்க்கு அம்முடிவு நிலைக்காது. இக்கட்டுரையில் ‘இறையச்சம்’ என்பது படைத்தவர் முன் தன் அளவறிந்து, தீமை விலக்கி நடத்தலைக் குறிக்கும். ‘உடல்நலம்’ என்பது நோயின்மையோடு நல்லுறக்கம், உணவில் நிறைவு, நீடிய ஆயுள் ஆகியவற்றையும் உள்ளடக்கும். இவ்விரண்டையும் இணைக்கும் வழிகள் இரண்டு. நடத்தையின் இயல்பான விளைவாக நலம் வருவதை ‘ஒழுக்கவழி’ என்போம். பக்திக்குக் கூலியாக வருவதைக் ‘கூலிவழி’ என்போம்.

2. நீதிமொழிகள்

ஆண்டவருக்கு அஞ்சித் தீமை விலக்குவது உடலுக்கு நலமும் எலும்புக்கு வலிமையும் தரும் என்கிறது 3ஆம் அதிகாரம். கூலிவழிக்குச் சான்றாக இதையே பலர் காட்டுவர். ஆனால் இந்நூல் நலத்தின் காரணங்களை விரிக்கும் இடங்களில் பேசுவது ஒழுக்கவழியையே. பொறாமை எலும்பை அரிக்கிறது (14:30). அளவுமீறி உண்ட தேன் வாந்தியாகிறது (25:16). மதுவில் ஊறியவனின் சிவந்த கண்களையும் காரணமறியாக் காயங்களையும் 23ஆம் அதிகாரம் கூர்ந்து நோக்கி எழுதுகிறது.

3. யோபு

ஒழுக்கவழி பொதுநெறியே; ஆனால் அதைத் தலைகீழாக்கி, நோயைக் கண்டு குற்றத்தை ஊகிப்பது பிழை. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண்ணான யோபுவிடம் நண்பர்கள் செய்தது இதுவே. அவர்களைப் பயனற்ற மருத்துவர்கள் என்கிறார் யோபு (13:4). அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்று கடவுளும் கடிந்துகொள்கிறார் (42:7). கடைசி அதிகாரம் யோபு திரும்பப் பெற்ற கால்நடைகளை எண்ணிச் சொல்கிறது, பிறந்த மக்களைச் சொல்கிறது, பின்னர் வாழ்ந்த 140 ஆண்டுகளையும் சொல்கிறது. புண்கள் ஆறின என்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நோய் நீங்கியதைப் பக்தியின் கூலியாக நூல் காட்டாததால், நம் ஆய்வுக்கு இந்த மௌனம் மிக முக்கியமானது.

4. சீராக்கின் ஞானம்

எருசலேமில் ஏறத்தாழ கி.மு. 180இல் எபிரேயத்தில் இயற்றப்பட்ட இந்நூலை, ஆசிரியரின் பேரன் எகிப்தில் கிரேக்கத்தில் பெயர்த்தார். கத்தோலிக்கத் திருமுறையில் இதற்கு இடமுண்டு. நம் பொருளின் மையம் இதன் 38ஆம் அதிகாரம்.

ஆசா அரசர் காலில் நோயுற்றபோது ஆண்டவரை நாடாமல் மருத்துவரை நாடினார் எனக் குறிப்பேடு (2 குறி 16:12) குறைகூறுகிறது. இறைவனா மருத்துவனா என்ற கேள்வி இங்கே எழுகிறது. சீராக் அக்கேள்வியையே ஏற்பதில்லை. மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவர். மருத்துவரை உண்டாக்கியவரும் அவரே. ஆகவே மருந்தை மறுப்பது பக்தியின் மிகுதியாகாது. படைப்பாளரின் கொடையை மறுப்பதாகவே முடியும்.

நோயாளிக்குச் சீராக் வகுக்கும் படிகள் நான்கு: மன்றாட்டு, மனத்தூய்மை, காணிக்கை, அதன்பின் மருத்துவருக்கு இடமளித்தல். முன்னைய மூன்றும் நான்காவதை விலக்குவதில்லை. மருத்துவர் விட்டகலாதிருக்கட்டும் என்று சீராக் வற்புறுத்துகிறார்.

இரண்டாம் படியில் யோபுவின் நண்பர்களுடைய கருத்தின் சாயல் எஞ்சியிருப்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் இங்கே நெஞ்சை ஆராய்பவர் நோயாளி. மருத்துவர்க்கு விதிக்கப்பட்ட சமயக் கடமை, நோயை அறிந்து உயிர்காக்க இறைவனிடம் மன்றாடுவது (38:14). நோயாளியின் குற்றத்தை விசாரிக்கும் பணி அவருக்கு எங்கும் தரப்படவில்லை.