சீனத்து இலையும் மார்செய் சீனியும்

மொறோக்கோவின் தேநீர்க் கடைகளுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கே குடிப்பதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேத்தலை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, சிறிய கண்ணாடிக் கிளாசில் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றுகிறார்கள். மேலே நுரை கட்டுகிறது. முதற் கிளாசைக் குடிக்கக் கொடுப்பதில்லை. இலையும் சீனியும் புதினாவும் ஒன்றாய்க் கலக்கட்டும் என்று அதைத் திரும்பக் கேத்தலுக்குள்ளேயே ஊற்றிவிடுகிறார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது ஆயிரம் வருடப் பழக்கம் போலத்தான் தோன்றும். ஆனால் சாதாரண மக்களின் வீட்டுக்குள் இது வந்து இருநூறு வருடங்கள்கூட ஆகவில்லை.

18ஆம் நூற்றாண்டில் தேயிலை சுல்தான்களின் அரண்மனைக்கு உரிய பொருள். ஐரோப்பியத் தூதுவர்கள் கொண்டுவரும் பரிசுகளில் அதுவும் ஒன்று. அது சந்தைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். கிரிமியப் போர் (1853-56) மூண்டபோது பால்டிக் துறைமுகங்களில் விற்க முடியாமற்போன சீனத்துப் பச்சைத் தேயிலையை ஆங்கில வணிகர்கள் தாஞ்சியருக்கும், இன்று எஸ்ஸவீரா எனப்படும் மொகடோருக்கும் திருப்பினார்கள் என்பர் வரலாற்றாசிரியர்கள். 1856 டிசம்பரில் பிரித்தானியா மொறோக்கோவுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் இறக்குமதித் தீர்வையை நூற்றுக்குப் பத்தாகக் கட்டிப்போட்டது. அதன்பின் கதவு அகலத் திறந்தது. தேயிலையோடு மான்செஸ்ரரில் செய்த கேத்தல்களும் வந்து இறங்கின.

சீனியின் கதை இன்னும் கசப்பானது. 16ஆம் நூற்றாண்டில் மொறோக்கோ சீனி விற்ற நாடு. இங்கிலாந்தின் எலிசபெத் அரசியின் காலத்தில் லண்டனுக்கு அங்கிருந்துதான் சீனி போயிற்று. சாதிய வம்சத்துச் சுல்தான் அகமது அல் மன்சூர் மராகேஷில் தன் அரண்மனையைக் கட்டியபோது, இத்தாலியப் பளிங்குக்கு எடைக்கு எடை சீனி கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்த ஆலைகள் அழிந்துபோயின. 19ஆம் நூற்றாண்டில் அதே நாடு மார்செய் நகரத்து ஆலைகளில் வார்த்த கூம்புச் சீனியைக் காசு கொடுத்து வாங்கியது. 1912இல் பிரெஞ்சு ஆட்சி வந்தது. 1929இல் கசபிளாங்காவிலேயே பிரெஞ்சு மூலதனத்தில் சீனி ஆலை எழுந்தது. அந்தக் கூம்பு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அதைக் கொண்டுபோவார்கள்.

இந்த இடத்தில் எங்களுடைய கதையும் குறுக்கே வருகிறது. மொறோக்கர் தேநீரை ‘அத்தாய்’ என்கிறார்கள். நாங்கள் ‘தேத்தண்ணி’ என்கிறோம். இரண்டு சொற்களிலும் இருக்கும் ‘தே’ சீனத்தின் பூக்கியன் கரையிலிருந்து கப்பலேறிய ஒரே சொல்தான். மொகடோரில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1867இல், கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை நட்டார். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து ஏற்கனவே வந்துகொண்டிருந்த எங்கள் மக்கள், இப்போது கூடையோடு மலையேறினார்கள். 1948இல் அவர்களுடைய குடியுரிமையும் பறிபோனது. சாம்ராச்சியத்தின் ஒரு முனையில் குடிக்கப் பழக்கப்பட்டவர்கள். மறுமுனையில் கொழுந்து பறிக்கப் பழக்கப்பட்டவர்கள்.

பயணத்தில் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு கவலை. சுடும் கிளாசை எப்படிப் பிடிப்பது? விளிம்பில் ஒரு விரலும் அடியில் ஒரு விரலும் வைத்துப் பிடிக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் செய்து காட்டுவார். ஆண்கள் மட்டும் தெருவைப் பார்த்தபடி வரிசையாய் இருக்கும் கடைகளில் முதலில் எங்களுக்குத் தயக்கம்தான். பிள்ளைகளைக் கண்டதும் கதிரையை நகர்த்தி இடம் விட்டார்கள். பச்சைத் தேயிலை பிள்ளைகளின் நித்திரையைக் கெடுக்கும் என்பதால், இரவில் அவர்களுக்குத் தோடம்பழச் சாறு வாங்கிக் கொடுத்தோம். பகலில் அரைக் கிளாஸ் தேநீர்.

தாஞ்சியரில் ஹாஃபா என்றொரு தேநீர்க் கடை இருக்கிறது. 1921இல் திறந்தது. கடலை நோக்கி இறங்கும் படிக்கட்டு வரிசைகளில் மேசைகள். வானம் தெளிந்தால் எதிரே ஸ்பெயின் தெரியும். நீரிணையின் ஒடுங்கிய இடம் ஏறக்குறையப் பதினாலு கிலோமீற்றர்தான். அந்தக் கரையைப் பார்த்தபடி உள்ளூர் இளைஞர்கள் மணிக்கணக்காய் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு விசா கிடைக்காது. நாங்களோ அந்தக் கரையிலிருந்து கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு வந்தவர்கள். ஒரு காலத்தில் நாங்களும் ஏதோவொரு விமான நிலையத்தில் அவர்களைப் போலக் கண்ணாடிக்கு இப்பால் நின்றவர்கள்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அங்கே தேநீர் குடித்து எழும்புவது சரியில்லை என்று பட்டது. சொன்னோம்.

கேட்டுவிட்டு அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வி: “அப்ப இது ஆற்றை தேத்தண்ணி? சீனாக்காரற்றையோ, இவையின்ரையோ?”

எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் இதே கேள்வி வேறு உருவத்தில் நெடுங்காலமாய்க் கிடக்கிறது. இந்தப் பிள்ளைகள் ஆருடைய பிள்ளைகள், எந்த நாட்டுக்காரர் என்பது. இலை சீனத்தது, சீனி மார்செயினது, கேத்தல் மான்செஸ்ரரினது. ஆனாலும் அது மொறோக்கோவின் தேநீர் என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. புதினாவைச் சேர்த்தவர்கள் அவர்கள். உயரத்திலிருந்து ஊற்றியவர்கள் அவர்கள். வந்தவருக்கெல்லாம் கொடுத்தவர்களும் அவர்கள். வெளியிலிருந்து வந்த ஒன்று இப்படித்தான் ஒரு மண்ணுக்கு உரியதாகிறது. ஆனால் அது வந்த வழியையும், வழியில் யார் கூலியாய் நின்றார்கள் என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை.